அழிக்கிறவன் வாசிப்பான்

ஜூலை 4, வெள்ளி

நாளை டூர் து பிரான்ஸ் தொடங்குகிறது. நூற்று எண்பது பேருக்கு மேல் மூன்று கிழமை சைக்கிள் ஓடப் போகிறார்கள். அவர்களுக்கு மூன்று நாலு மணித்தியாலம் முன்னால் நானும் பெர்த்ரானும் வெள்ளை வான் வண்டியில் ஓடப் போகிறோம். எனக்கு இது நாலாவது வருடம். இத்தனைக்கும் ஒரு வீரனைக்கூட நேரில் பார்த்ததில்லை.

எங்கள் வேலை தெருவில் எழுதியிருப்பதைப் பார்ப்பது. ரசிகர்கள் இரவோடு இரவாக வந்து எழுதி வைப்பார்கள். வீரர்களின் பெயரென்றால் விட்டுவிட வேண்டும். அரசியலும் விளம்பரமும் என்றால் கறுப்புப் பெயின்ற் அடித்து மூட வேண்டும். ஆபாசப் படமென்றால் உருமாற்ற வேண்டும். தெருவில் அந்தப் படத்தை வரைவதில் இந்த நாட்டு மக்களுக்கு இருக்கிற ஊக்கத்தைச் சொல்லி முடியாது. பெர்த்ரான் இரண்டு கண்ணும் ஒரு அலகும் போட்டு அதை ஆந்தையாக்கிவிடுவார். முப்பது வருடம் கடைப் பலகை எழுதியவர். நான் இன்னும் மீனைத் தாண்டவில்லை.

வானில் ஏறும்போது பெர்த்ரான் சொன்னார், எங்கள் வேலைக் கந்தோருக்கு ஒரு பெண் போன் எடுத்து நவரூபன் அங்கே வேலை செய்கிறாரா என்று கேட்டாளாம். தங்கச்சி என்றாளாம். ஆட்களைப் பற்றிய விபரம் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டார்களாம். எனக்குத் தங்கச்சி இல்லை என்றேன். அது உண்மைதான்.

ஜூலை 5, சனி

ஆந்தை நாலு. மீன் இரண்டு. ஒரு வண்ணத்துப்பூச்சி. மழை.

ஜூலை 8, செவ்வாய்

நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீற்றர். இரண்டு பக்கமும் கோதுமை. தெரு நடுவில் வெள்ளைப் பெயின்றில் தமிழ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் என் கை நீளம்.

நவரூபன். அம்மா வந்திருக்கிறன்.

பெர்த்ரான் இறங்கி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "இது உன் மொழிதானே? என்ன எழுதியிருக்கிறது?"

"அரசியல்" என்றேன்.

ரோலரை நானே எடுத்தேன். மூன்று தரம் பூசினேன். ஒரு தரம் போதும். எதற்கு மூன்று தரம் என்று பெர்த்ரான் கேட்டார். வெள்ளை தெரிகிறது என்றேன். எங்கே என்றார்.

என் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் நவரூபன்.

ஜூலை 9, புதன்

மறுபடியும். இந்த முறை ஒரு வளைவில், ஒருவரும் கூடாரம் போடாத இடத்தில், மரங்களுக்குக் கீழே.

நான்தான் உன்னைப் போகச் சொன்னனான். அந்தக் கோவமெண்டால் வந்து ஏசு.

இது தொலைக்காட்சிக்கு எழுதியது இல்லை. மேலே ஹெலிகொப்டர் வந்தால்கூட மரக்கிளைதான் தெரியும். யோசித்துப் பார்த்தேன். போன வருடம் ஒரு தொலைக்காட்சிக்காரன் எங்களைப் படம் பிடித்தான். என் கையையும் முதுகையும் காட்டிக் கீழே பெயரைப் போட்டான். அதைப் பெர்த்ரான் காட்டாத ஆள் இல்லை. அந்தப் பெயரை இதை எழுதுகிறவர்களும் பார்த்திருக்கிறார்கள். எங்கே இருக்கிறான் என்று தெரியாது, என்ன வேலை செய்கிறான் என்று தெரியும். ஆகவே எழுதினால் அழிக்க வருவான். அழிக்கிறவன் வாசிப்பான்.

நான் வாசித்தேன். அழித்தேன். வேலைப் பதிவில் பெர்த்ரான் எழுதினார்: அரசியல், இலங்கை.

ஜூலை 11, வெள்ளி

இன்று ஒன்றும் இல்லை. அதற்காகச் சந்தோசப்பட்டேன். பிறகு, சுகமில்லாமல் போய்விட்டதோ என்று பின்னேரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

உன்னை ஒண்டும் கேக்க மாட்டன். முகத்தை மட்டும் காட்டிப்போட்டுப் போ.

எழுத்து கோணலாக இருந்தது. முழங்காலில் இருந்து எழுதியிருக்கிறார் போல. பெயின்ற் காயமுதல் யாரோ கை ஊன்றி எழும்பிய அடையாளம் ஓரத்தில் இருந்தது. அதையும் மூடினேன்.

இதை ஒரு இடத்திலாவது எழுதி வைக்க வேண்டும். வேலைப் பதிவு பிரெஞ்சில். இந்தக் கொப்பியை இங்கே வாசிக்க ஒருவரும் இல்லை.

அந்த அம்மா என் அம்மா இல்லை. என் அம்மா இரண்டாயிரத்து ஒன்பதிலேயே போய்விட்டார். நான் நவரூபனும் இல்லை. நான் குகதாசன்.

பன்னிரண்டு வருடத்தில் இந்தப் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை. வேறு யாரோ ஒருவனுடைய பெயர் மாதிரி இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஓய்வு நாள். உடுப்புத் தோய்த்தேன். ரோலர்களைக் கழுவிக் காயவைத்தேன். பெர்த்ரான் வெயிலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

நவரூபனைக் கீவ் நகரத்தில் ஒரு வீட்டில் சந்தித்தேன். பதினொரு பேர், ஒரு அறை, ஐந்து மாதம். பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு போர்வையை இரண்டு பேரும் பங்கு போட்டோம். அவன் அம்மாவைப் பற்றித்தான் அதிகம் கதைப்பான். தடுப்பு முகாமிலிருந்து விட்ட பிறகு அவன் ஊரிலேயே இருக்கப் போகிறேன் என்றானாம். அம்மாதான் விடவில்லையாம். உயிரோடு எங்கேயாவது இரு, எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றாராம். பேருந்தில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லையாம். பிரான்ஸ் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அம்மாவோடு கதைப்பது என்பான்.

எல்லையில் காட்டுக்குள் நடக்கத் தொடங்கினோம். பனி. இரண்டாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். அவனுடைய பையையும் நான்தான் தூக்கினேன். நவரூபன் அங்கே முடிந்தான். பை என்னிடம் இருந்தது.

அந்தப் பையில் அவனுடைய பிறப்புச் சான்றிதழ், முகாமில் செஞ்சிலுவைக்காரர் கொடுத்த அட்டை, விடுதலைக் கடிதம் எல்லாம் இருந்தன. என்னிடம் நான் மட்டும்தான் இருந்தேன். பாரிசில் அகதி விசாரணையில் அவற்றை மேசையில் வைத்தேன். அவனுடைய கதையை அவனைவிட நன்றாகச் சொன்னேன். மொழிபெயர்த்த பெண் கண்ணைத் துடைத்தாள்.

வதிவிடக் கார்ட் வந்த பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு கலியாணம். பிறகு மகள். அவளுடைய பெயருக்குப் பின்னால் சின்னராசா என்று இருக்கிறது. அது நவரூபனுடைய அப்பாவின் பெயர். ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில் அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். எந்த நாள் என்று இல்லை. ஏதோ ஒரு நாள்.

மத்தியானம் என் மனைவி சுகிர்தாவுக்குப் போன் எடுத்துத் தெருவில் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "வாயைத் திறந்திடாதேங்கோ. கார்ட்டைப் பறிச்சுப்போட்டு அனுப்பிவிடுவாங்கள். பிள்ளையை யோசியுங்கோ." பிள்ளையை யோசித்தேன். அந்த அம்மாவும் பிள்ளையைத்தான் யோசித்துக்கொண்டு தெருவில் முழங்காலில் நிற்கிறார்.

ஜூலை 17, வியாழன்

பிரனீஸ் மலைகள். சனம் நேற்றே வந்துவிட்டது. கூடாரம், மேசை, வைன் போத்தல், பேரப்பிள்ளைகள், நாய். எட்டு மணித்தியாலம் காத்திருந்து இருபது விநாடி பார்க்கிறார்கள். முதல் வருடம் இந்தச் சனத்துக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். பெர்த்ரான் கோபித்துக்கொண்டார். "உலகத்திலே வேறு எந்தப் பெரிய விளையாட்டு உன் வீட்டு வாசலுக்கு வருகிறது? டிக்கெட் இல்லை, வேலி இல்லை. கை நீட்டினால் தொடலாம். இங்கே கடைசியாக வருகிறவனுக்கும் கை தட்டிவிட்டுத்தான் எழும்புவார்கள்" என்றார்.

கடைசியாக வருகிறவனுக்குப் பின்னால் ஒரு வான் வருமாம். இனி ஏலாது என்று இறங்கியவர்களை ஏற்றிக்கொள்ளுமாம். ஒருவரையும் மலையில் விட்டுவிட்டு வர மாட்டார்களாம். பெர்த்ரான் இதைச் சொன்னபோது நான் வானை விட்டு இறங்கி வயலோரம் போய் நின்றேன். அந்தக் காட்டில் எங்களுக்குப் பின்னால் அப்படி ஒன்றும் வரவில்லை.

ஏழாவது வளைவில் இருந்தது.

அப்பா போயிட்டார். மூண்டு வருசம். கொள்ளி வைக்க நீ இல்லை.

பக்கத்துக் கூடாரத்து பெல்ஜியக்காரர் ஒருவர் எழும்பி வந்து, இதை அழிக்காதீர்கள் என்றார். ஒரு வயதான பெண் விடியமுதல் எழுதினாராம். பெயின்ற் முடிந்துபோகத் தன்னிடம்தான் வாங்கினாராம். மகள் காரில் நித்திரையாம். எந்த வீரனின் பெயர் என்று கேட்டதற்கு, மகன் என்று சைகையால் காட்டினாராம்.

"அரசியல்" என்றேன் நான். பெல்ஜியக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் எழுதியிருந்தது. அவசரமாக அழித்திருக்க வேண்டும். நான் ரோலரை எடுத்து வருவதற்குள் பெர்த்ரான் போனை எழுத்துக்கு மேலே பிடித்துவிட்டார். அது மொழிபெயர்க்குமாம். அரைகுறையாகத்தான் பெயர்த்தது. அம்மா என்ற சொல்லையும் நவரூபன் என்ற பெயரையும் அது விடவில்லை.

போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வானில் சாய்ந்து நின்றார். நான் மூடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ உன் அம்மாவை ஐந்து தரம் அழித்திருக்கிறாய்."

உண்மை வாய்வரை வந்தது. அவருடைய அம்மா போன மாரியில்தான் செத்தார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கேள்விப்பட்டதை நல்ல எண்ணத்தோடு நாலு பேரிடம் சொல்வார்கள்.

"எங்களுக்குள்ளே ஒரு பிரச்சினை" என்றேன்.

ஜூலை 19, சனி

பெர்த்ரான் வழி முழுக்க றேடியோ கேட்டார். கோப்பியும் தனக்கு மட்டும்தான் வாங்கினார்.

ஜூலை 21, திங்கள்

இரண்டாவது ஓய்வு நாள். நேற்று ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. அதற்குக் கீழே: இருபத்தெட்டாந் திகதி விசா முடியுது.

நம்பரை அழித்தேன். ஆனால் மனதில் நின்றுவிட்டது. காலையில் ஆற்றங்கரைக்குப் போய் நம்பர் காட்டாமல் எடுத்தேன். அந்த அம்மாவின் மகள் எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

"ஆர்?"

மூச்சு விடவும் பயமாக இருந்தது.

"தம்பியோ? நவமோ? கதைக்காட்டிப் பரவாயில்லை ராசா. வையாத. அப்பிடியே இரு."

இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். முற்றத்து மாமரம் புயலில் விழுந்ததாம். துவாரகிக்கு, அதுதான் தங்கச்சிக்கு, இங்கே கலியாணம் ஆகி ஒரு குழந்தையாம். தனக்கு ஒரு கண் வடிவாகத் தெரியவில்லையாம், ஆனால் தெருவில் பெரிதாக எழுத முடிகிறதாம். நான் வைத்துவிட்டேன். ஆற்றங்கரைக் கல்லில் இருந்து வாய்விட்டு அழுதேன். அவர் தன் மகனோடு கதைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். நான் இவ்வளவு காலமும் செய்தவற்றுக்குள் இதுதான் கேடு கெட்ட வேலை.

ஜூலை 22, செவ்வாய்

பொய்களை யோசித்து வைத்திருக்கிறேன். நவரூபன் வேலையை விட்டுவிட்டுக் கனடா போய்விட்டான். அல்லது, நான் வேறு நவரூபன், பெயர் மட்டும்தான் ஒன்று. இரண்டாவது நல்லது. அதில் பாதி உண்மை.

அல்லது, அவன் இறந்துவிட்டான், யாரோ சொல்லக் கேள்விப்பட்டேன். திகதி கேட்டால் நவம்பர் பத்தொன்பது என்று சொல்லலாம்.

ஜூலை 23, புதன்

காலையில் பெர்த்ரான் எனக்கும் கோப்பி வாங்கி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அழிக்குமுன் அந்த நம்பரைப் படம் எடுத்து வைத்திருந்தாராம். நேற்று துவாரகியோடு கதைத்துவிட்டாராம். நாளை ஆல்ப்ஸ் மலையில், உச்சிக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது, காலை ஆறரைக்கு, வேலை தொடங்கமுதல் சந்திப்பாம். மகன் கட்டாயம் வருவான் என்று சொல்லிவிட்டாராம்.

"நீ என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை. என் அம்மா இருந்திருந்தால் நான் அந்த மலையை முழங்காலில் ஏறுவேன்" என்றார்.

ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ரயில் நேரமும் பார்த்தேன். சுகிர்தாவுக்குப் போன் எடுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வான் வளைவில் திரும்பியதுமே கண்டேன். மடக்குக் கதிரையில் சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை போட்டு ஒரு சின்ன உருவம். பக்கத்தில் துவாரகி. கதிரைக்குக் கீழே பெயின்ற் ரின். தெருவில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை.

பெர்த்ரான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார். படம் எடுக்கப் போனைக் கையில் வைத்திருந்தார்.

நான் கிட்டப் போனேன். அந்த அம்மா எழும்பி, என்னைத் தாண்டி வானைப் பார்த்தார். கதவு திறந்து இன்னொருவர் இறங்குவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, அவன் வரேல்லையே?"

துவாரகி என் முகத்தையும் நெஞ்சில் குத்தியிருந்த பெயரட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் ஆர்?"

யோசித்து வைத்த பொய் மூன்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அம்மா, நவரூபன் இல்லை. பன்னிரண்டு வருசமா இல்லை. அவன்ர பேரில இருக்கிறது நான்."

துவாரகி என் சட்டையைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று நினைவில்லை. ஏசினாள், ஏச வேண்டியதுதான். அந்த அம்மா அவளுடைய கையை எடுத்துவிட்டார். கதிரையில் இருந்தார். அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

"எங்க?"

"உக்ரைன் எல்லையில, அம்மா. காட்டுக்குள்ள. பனியில காய்ச்சல் வந்தது."

"போனில வந்தது நீயோ?"

"ஓம்."

"சாப்பிட்டவனோ?"

"பாண் குடுத்தனான். கொஞ்சம் சாப்பிட்டவன்."

தலையை ஆட்டினார். பெயரையும் கடதாசிகளையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பொலிசில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை. மலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே கூடாரங்களில் சனம் எழும்பிப் பல் தீட்டிக்கொண்டிருந்தது.

"சரி" என்றார். "எந்த நாள் எண்டு சொல்லு. திதி பாக்கோணும். அந்தியேட்டி செய்யேல்லை, ஒரு திவசம் செய்யேல்லை. பிள்ளை அங்கால பசியோட நிக்குது. நீ நாளைச் சொல்லு, மிச்சத்தை ஐயர் பாப்பார்."

நவம்பர் பத்தொன்பது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. அந்த நாளைக்கு வருடா வருடம் அவர் விரதம் இருந்து, அவனுக்குப் பிடித்த கறியெல்லாம் சமைத்துப் படைப்பார். நான் வாயில் வந்தபடி சொன்ன ஒரு நாளைக்கு. பெயரை எடுத்தேன், கதையை எடுத்தேன். அதை என்னால் செய்ய முடியவில்லை.

"நாள் தெரியாது அம்மா."

"பக்கத்தில நிண்டனிதானே?"

இந்தக் கொப்பியில்கூட நான் எழுதாததை அங்கே சொன்னேன்.

"விடியேக்க ஏஜென்சி ஆக்கள் எல்லாரையும் நடக்கச் சொன்னாங்கள். அவனால எழும்ப ஏலேல்லை. நான் தூக்கிப் பாத்தன், ஏலேல்லை. நிண்டால் நீயும் இதில கிட எண்டு சொன்னாங்கள். மூச்சு இருந்தது அம்மா. நான் பையைக் கொண்டு போயிட்டன்."

அடிப்பார் என்று நின்றேன். அடிக்க வேண்டும் என்றுதான் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

"மூச்சு இருந்ததோ?"

"ஓம்."

"கண் திறந்திருந்ததோ?"

"ஓம். என்னைப் பாத்தவன்."

"அப்ப, செத்ததை நீ காணேல்லை."

"அம்மா, அந்தக் குளிருக்குள்ள ஒருத்தரும்..."

"காணேல்லைத்தானே?"

அவர் மகளிடம் திரும்பினார். "பிள்ளை, இந்தத் தம்பி காணேல்லையாம். மூச்சு இருந்ததாம்." துவாரகி வாயைப் பொத்திக்கொண்டு குந்தினாள்.

பெர்த்ரான் என்ன நடக்கிறது என்று கேட்டார். பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன். அந்த அம்மா கதிரையைத் தானே மடக்கினார். பெயின்ற் ரின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், இன்னும் இருக்கிறதா என்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காட்டுக்குக் கிட்ட இருந்த ஊரின் பெயரைத் துவாரகிக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"தம்பி, அந்த நாட்டிலயும் இப்பிடிச் சைக்கிள் ஓட்டம் நடக்குமோ?" என்று கேட்டார்.